இன்மை என்று எழுதிய கை

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் என்றால் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள், நானும் தூக்கிக்கொள்கிறேன். என் இருபத்திரண்டு வருட சர்வீஸில் கரும்பலகையில் எழுதியதைவிடப் படிவத்தில் எழுதியது அதிகம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு விரலில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருப்பதைவிட முத்திரை மை ஒட்டியிருக்கும் நாட்கள்தான் ஏராளம்.

எந்த ஊர், எந்த ஒன்றியம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். திண்டுக்கல்லில் என் வீட்டுப் பக்கம் பஸ் ஏறி, நால்வழிச் சாலையில் இறங்கி, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் வருகிற ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பது போதும். தலைமையாசிரியர் ஜெசிந்தா, அதாவது நான். உதவியாசிரியர் செல்வராஜ் சார். ஐந்து வகுப்பு, ஒரே கூடம், பதினொரு பிள்ளைகள். இந்தப் பதினொன்றை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை கோட்டைவிட்டதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

மிக மிக அவசரம்

எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் 'அவசரம்' என்று வந்தால் நாளைக்கு அனுப்பலாம். 'மிக அவசரம்' என்றால் இன்று மாலை. 'மிக மிக அவசரம்' என்றால் நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். வளாகத்தில் பாழடைந்த கிணறு எத்தனை, சாய்கிற நிலையில் மரம் எத்தனை, தேன்கூடு உண்டா, கொசு முட்டையிடும் பழைய டயர் உண்டா, சென்ற மாதம் பிள்ளைகளை அழைத்துப் போன களப்பயணம் எத்தனை? ஒரே விவரத்தை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், குழுவில் போட வேண்டும், பிறகு தாளில் மூன்று படி எடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வாரம், கிணறு இருக்கிறதா என்று பார்க்கக் கருவேலம் புதருக்குள் இறங்கினேன். காலில் முள் ஏறியதுதான் மிச்சம். செல்வராஜ் சார் சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக அதே பள்ளியில் இருப்பவர். ஒரு நாளைக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். அன்றைய முதல் வாக்கியத்தை எனக்காகச் செலவழித்து, நம் தொழிலின் மூல மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். இல்லை என்பதற்கு அலுவலகத்தில் மாட்டிவிடுகிற சட்டைதானே இன்மை?

"எதுக்கு டீச்சர் முள்ளுக்குள்ள எறங்குறீங்க? இன்மைன்னு போட்டுருங்க, இல்லாததுக்கு எவனும் விளக்கம் கேக்க மாட்டான்."

ஒழுகுகிற சுவர்

பள்ளி மானியம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எப்போது செலவழித்து முடிக்க வேண்டும் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் வந்து, மார்ச் கடைசிக்குள் தீர வேண்டும். அந்த வருடம் வந்த ஆணையில் 'சுவரில் விழிப்புணர்வு வாசகங்கள் எழுதுதல்' என்று தலைப்பு. எங்களுக்கு வேண்டியதோ கூரை. மழை வந்தால் மூன்றாம் வகுப்பை எழுப்பி ஐந்தாம் வகுப்போடு ஒட்டி உட்கார வைப்போம். கூரைக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு எழுதினேன். இயலாது என்று ஒரு வரி பதில் வந்தது.

கோபத்தில் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினேன். 'கட்டடப் பழுது விவரம்' என்ற இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் வருடா வருடம் முத்து முத்தான கையெழுத்தில் இன்மை என்று எழுதியிருந்தார். கடைசி வருடத்துத் தாளிலும் இன்மைதான். ஆனால் அந்தக் கையெழுத்து அவ்வளவு முத்தாக இல்லை. என்னுடையது. வந்த புதிதில் பார்த்து எழுதியிருக்கிறேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கோப்பை மூடி வைத்தேன்.

எரியோட்டிலிருந்து பெயின்டர் வந்தார். நாள் முழுவதும் ஏணியில் நின்று எழுதிவிட்டு, இறங்கி, பின்னால் நாலடி நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஒழுகுற செவுத்துல மழைநீரைச் சேமிப்போம்னு எழுதிருக்கேன் டீச்சர், கீழ ஒரு வாளிய வச்சுட்டா அம்புட்டும் பொருந்திப் போகும்."

பிரசன்ட் மிஸ்

ஜூன் மாதம் வந்தால் ஊருக்குள் மஞ்சள் வேன் வரும். அதன் ஹாரன் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்கும். அந்த வருடம் இரண்டாம் வகுப்பு முடித்த கனிஷ்காவையும் அவள் அப்பா அதில் ஏற்றிவிட்டார். கழுத்தில் டை, காலில் ஷூ. எங்கள் பள்ளியைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன். சிரித்துக்கொண்டுதான் ஆட்டுவேன், ஆனால் அன்றைக்குப் பூராவும் பாடம் ஓடாது. ஒரு பிள்ளை போவது எங்களைப் போன்ற பள்ளிக்கு ஒரு செங்கல்லை உருவுவது போல.

காலாண்டு விடுமுறை முடிந்த அன்று காலை, உப்புமா தட்டோடு எங்கள் பிள்ளைகளின் வரிசையில் கனிஷ்கா நின்றாள். டை இல்லை. தானே அடம்பிடித்து வந்துவிட்டதாக அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனார். பெயர் கூப்பிட்டபோது பழக்கதோஷத்தில் "பிரசன்ட் மிஸ்" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் பள்ளியில் "உள்ளேன் டீச்சர்" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நான் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பேன், நகம் வெட்டியிருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவேன். மதியம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே என்னடி குறைச்சல் என்று கேட்டேன்.

"அங்க பிரசன்ட் மிஸ்னு சொன்னா மிஸ் நிமிந்தே பாக்க மாட்டாங்க டீச்சர், ரெண்டு நாள் சொல்லாமயே இருந்து பாத்தேன், அப்பவும் டிக் போட்டுட்டாங்க."

ஒருமனதாக

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோர் கூடி, பேசி, தீர்மானம் போட வேண்டும். நடைமுறை நமக்குத் தெரியாததா? தீர்மானத்தைக் காலையிலேயே எழுதி வைத்துவிடுவோம். தோட்டத்து வேலை முடிந்து வருகிற அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கனிஷ்காவின் அம்மா முருகேஸ்வரி அந்த வருடம் தலைவி ஆனார். விடியற்காலையில் செண்டுமல்லி எடுக்கிறவர். விரலெல்லாம் மஞ்சளாக இருக்கும். மற்றவர்களைப் போலக் கோடு போட்ட இடத்தைத் தேடாமல், நோட்டை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் கூட்டம் முடிந்த பிறகுதான் தீர்மானம் எழுதுவது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முருகேஸ்வரி கேட்ட கேள்விதான் என்னை வழிக்குக் கொண்டுவந்தது.

"நான் இன்னும் வாயவே தொறக்கல, அதுக்குள்ள ஒருமனதா நிறைவேறிருச்சா டீச்சர்? அந்த ஒரு மனசு யாரு மனசு?"

நாலு கட்டம்

கற்றல் அடைவைச் சோதிக்க ஒரு பி.எட். மாணவி வந்தார். தொப்பம்பட்டிப் பக்கம், பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வேண்டும் என்றார். கனிஷ்காவை உட்கார வைத்தேன். கேள்வி இதுதான்: ஒரு குழாயில் ஒரு குடம் நிரம்ப இரண்டு நிமிடம் ஆகும் எனில், ஐந்து குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? கீழே நாலு விடை, நாலு கட்டம்.

கனிஷ்கா நெற்றியைச் சுருக்கினாள். "தண்ணி என்னைக்கு விடுவாங்கன்னு இதுல போடலையே மிஸ்?" என்று கேட்டாள். அந்தப் பெண், அதெல்லாம் வேண்டாம், விட்டாச்சுன்னு வச்சுக்க என்றார். "விட்டாலும் முதல்ல காத்துதான் வரும். அப்புறம் செவப்பா வரும், அதக் கீழ விட்டுறணும். மூணாவது குடத்துல பக்கத்துத் தெருக்காரங்க மோட்டார் போட்டுருவாங்க. அதுக்கப்புறம் நூலு மாதிரிதான்." கணக்குப் போட்டு, எங்கள் ஊர்க் குழாயில் ஐந்து குடம் பிடிக்க அரை மணி நேரத்துக்குக் குறையாது என்று சொன்னாள். எனக்கு அவளை அள்ளிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தாளிலோ அவளுக்குப் பூஜ்யம். நான் சும்மா இருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும், கூடவே ஊரும் தெரியும், அதற்கு மதிப்பெண் போடுங்கள் என்று சண்டைக்கு நின்றேன். அந்தப் பெண் தாளையும் கனிஷ்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், பாப்பா சொல்றது எல்லாம் சரிதானுங்க, ஆனா அது இந்த நாலு கட்டத்துல எங்கயும் இல்லீங்களே."

இழுத்துவிட்டேன்

இனி என் அழகைச் சொல்கிறேன். மாதாந்திர அறிக்கையில் நாற்பது வரிகள். முதல் பதினாறு வரிகளுக்கு எங்கள் பள்ளியில் எந்த மாதமும் பதில் மாறாது: கிணறு, தேன்கூடு, டயர், களப்பயணம், எல்லாம் இன்மை. பதினாறு முறை தட்டச்சு செய்வதற்கு நான் என்ன முட்டாளா? கணினியில் முதல் வரியில் இன்மை என்று அடித்துவிட்டு, மவுஸை அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தால் அதே சொல் வரிசையாக இறங்கும். பதினாறில் நிறுத்தி, பதினேழில் 'பயிலும் மாணவர் எண்ணிக்கை' என்ற இடத்தில் கையால் பதினொன்று என்று அடிப்பேன். அப்படித்தான் ஒவ்வொரு மாதமும்.

அன்றைக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பிள்ளைகள் "டீச்சர், பாம்பு!" என்று கத்தினார்கள். மவுஸைப் பிடித்த கையோடு எழுந்துவிட்டேன். சாரைப் பாம்புதான், செல்வராஜ் சார் துடைப்பத்தால் வழி காட்டி அனுப்பினார். திரும்பி வந்த படபடப்பில் அச்செடுத்தேன், மூன்று படியிலும் கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பதாவது வரிவரைக்கும் இன்மை இறங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. 'வளாகத்தில் பாம்பு நடமாட்டம்' என்ற வரியிலும்கூட இன்மைதான். மூன்று வாரம் கழித்து அலுவலக எழுத்தர் போன் செய்தார். நல்ல மனுஷன். குரலில் உண்மையான சந்தோஷம்.

"வாழ்த்துகள் டீச்சர், உங்க ஸ்கூலு மாணவர் இல்லாப் பள்ளி லிஸ்ட்டுல வந்துருச்சு, உங்களுக்கு டவுனுக்குள்ளயே இடம் கெடைச்சுரும்."

இருக்கலாம்

ஒன்றை மறைக்க மாட்டேன். டவுனுக்குள்ளேயே இடம் என்று கேட்டதும் ஒரு நிமிடம் என் மனம் சபலப்பட்டது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளி, வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் நடை மிச்சம். அடுத்த நிமிடம் நால்வழிச் சாலை கண் முன்னால் வந்தது. எங்கள் பள்ளியைப் பூட்டினால் பிள்ளைகள் சேர வேண்டிய பள்ளி சாலைக்கு அந்தப் பக்கம். பாலம் இல்லை. லாரி நிற்காது. நானே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தவணையில் தாண்டுகிற சாலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படித் தாண்டும்? தாண்டாது. சில பேர் வேனில் போவார்கள். வேனுக்கு வழியில்லாத பிள்ளைகள் அம்மாவோடு தோட்டத்துக்குப் போவார்கள். நான் ஒரு சொல்லை இழுத்ததற்கு இவ்வளவும்.

அலுவலகத்துக்கு ஓடினேன். இணையதளத்தில் பதினொன்று என்று இருக்கிறதே என்றேன். இணையதளத்தில் கையெழுத்து இல்லை, தாளில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதுதான் ஆவணம் என்றார் எழுத்தர். தப்பு என்னுடையது, எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கொடுங்கள், ஆனால் வட்டாரக் கல்வி அலுவலர் நேரில் வந்து பிள்ளைகளைப் பார்த்துச் சான்று எழுதினால்தான் பட்டியலிலிருந்து எடுக்க முடியும் என்றார். அலுவலர் வரத் தேதி இருப்பது அடுத்த மாதம். பட்டியல் மேலே போவது இந்த வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய். பதினொரு பிள்ளைகள் உயிரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் சார் என்று மேசையைத் தட்டினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"இருக்கலாம் டீச்சர், ஆனா இருக்காங்கன்னு நீங்க எழுதலையே."

எப்படிக் கை வந்தது

கணினிக் கோளாறு என்று சொல்லிவிடலாம், எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். செல்வராஜ் சாரிடம் யோசனை கேட்டேன். அன்றைக்கு அவர் ஒரு வாக்கியம்கூடச் செலவழிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கூட்ட அறிவிப்பை ஒட்டப் போய்விட்டார். புதன்கிழமை சாயங்காலம் மேலாண்மைக் குழுவைக் கூட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாம்பு, மவுஸ், இழுத்தது, எல்லாம். ஒரு அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், அப்போதே யாரோ பறிக்க வந்த மாதிரி.

முருகேஸ்வரி அந்தத் தாளை வாங்கி வழக்கம்போல முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். பதினேழாவது வரியில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறேன். எனக்குத் தலை குனிந்தது அன்றைக்குத்தான். அழுகையும் வந்தது. அழுதேன்.

"பூ எடுக்கையில ஒரு மொட்டு தவறிக் கீழ விழுந்தாலே எனக்குத் தெரியும், பதினோரு புள்ளைகள இல்லேன்னு எழுத உங்களுக்கு எப்படி டீச்சர் கை வந்துச்சு?"

களப்பயணம்

அதைக் கேட்ட பிறகு அழுதுகொண்டிருக்க வெட்கமாகப் போய்விட்டது. அலுவலர் வந்து பார்க்க நேரமில்லை என்றால் பிள்ளைகள் போய்க் காட்டட்டும் என்றார் முருகேஸ்வரி. பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் வெளியே அழைத்துப் போவதற்கு விதியில் ஒரே வழிதான் இருக்கிறது. மாதாந்திர அறிக்கையில் நான் மாதா மாதம் இன்மை என்று நிரப்பிய வரி: களப்பயணம். ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். இந்த முறை உண்மையிலேயே ஒருமனதாக. 'அரசு அலுவலகம் இயங்கும் விதத்தை நேரில் அறிதல்' என்று நோக்கம் எழுதினேன். பதினொரு வீட்டிலும் சம்மதக் கையெழுத்து வாங்கினோம். முன் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதி அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். தலைப்பு: மிக மிக அவசரம். யாரும் திறந்து பார்க்கவில்லை. அவசரம் என்று வந்தால் யார் பார்க்கிறார்கள்?

வியாழக்கிழமை காலை உணவு முடிந்ததும் கிளம்பினோம். பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டார்கள். முருகேஸ்வரியும் இன்னும் மூன்று அம்மாக்களும் தோட்டத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். விரல் மஞ்சள் அப்படியே இருந்தது. வருகைப் பதிவேட்டை நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கண்டக்டர் சிரித்தார். "எங்க சார் கூட்டிட்டுப் போறீங்க, மிருகம், பறவையெல்லாம் காட்டவா?" என்று செல்வராஜ் சாரிடம் கேட்டார். சார் ஜன்னலைப் பார்த்தபடியே யோசித்தார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் தம்பி."

உள்ளேன்

அலுவலக வராந்தாவில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக உட்கார வைத்தேன். எழுத்தர் பதறிக்கொண்டு வந்தார். இது என்ன டீச்சர், மறியலா என்றார். வகுப்பு சார், நீங்க உங்க வேலையைப் பாருங்க என்றேன். அலுவலர் உள்ளே இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், புதிதாக வந்தவர், கதவு திறந்திருந்தது, மேசையில் கோப்பு மலைபோல இருந்தது. தலையைத் தூக்காமலே, "என்ன மேடம், மனுவா? அங்க குடுத்துட்டுப் போங்க" என்றார். மனு இல்லை, வருகைப் பதிவு என்று சொல்லிவிட்டு, கதவுக்கு நேரே நின்று பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். யாழினி. "உள்ளேன் டீச்சர்." கவின். "உள்ளேன் டீச்சர்." தர்ஷன். "உள்ளேன் டீச்சர்." கூடத்தில் சொல்வதைவிட இரண்டு மடங்கு சத்தம். அலுவலகத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் கேட்ட சொல்தான். இன்மைக்கு நேர் எதிரான சொல் அது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பத்துப் பெயர் முடிந்தது. அலுவலர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினொன்றாவதாகக் கனிஷ்காவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வாயை இறுக்க மூடிக்கொண்டு நேரே அறைக்குள் பார்க்கிறாள். பத்து என்று எழுதிவிடுவார்களோ என்று பயம். முருகேஸ்வரி, "ஏய், சொல்லு" என்று பல்லைக் கடித்தார். மூன்றாவது முறை கூப்பிட்டேன். வராந்தாவே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், என்ன ஆயிற்று என்று அலுவலர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கனிஷ்கா எழுந்து நின்றாள்.

"உள்ளேன் டீச்சர், சார் நிமிந்து பாக்கட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்."

கடைசிக் கட்டம்

அலுவலர் எழுந்து வெளியே வந்தார். ஒரு பிள்ளை விடாமல் பெயர் கேட்டார், தானே எண்ணினார். சான்று எழுத அதற்கென்று படிவம் இல்லையே சார் என்று எழுத்தர் இழுத்தார். "வெள்ளைத்தாள் இருக்குல்ல?" என்று கேட்டு வாங்கி, பதினொன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை போன பட்டியலில் எங்கள் பள்ளி இல்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது; பட்டியல் அடுத்த வருடமும் வரும்; வரட்டும், பஸ் இருக்கிறது. இப்போதெல்லாம் எண்ணிக்கை கேட்கிற வரியில் எண்ணைப் போட்டு, பக்கத்திலேயே பதினொரு பெயரையும் எழுதி அனுப்புகிறேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று எழுத்தர் போன் செய்கிறார். அடங்காதுதான் சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த வாரமே எனக்கு இரண்டு குறிப்பாணை வந்தது. முதலாவது, தவறான விவரம் அளித்ததற்கு. அதற்கு இரண்டு பக்கம் வருத்தம் தெரிவித்து எழுதினேன். ஒவ்வொரு வரியும் மனசாரத்தான். இரண்டாவது, அனுமதி கிடைக்கும் முன்பே மாணவர்களை அலுவலகத்துக்கு அழைத்து வந்ததற்கு. அதோடு ஒரு படிவமும் இணைத்திருந்தார்கள்: அழைத்து வந்த நாள், நேரம், காரணம், கடைசியில் 'தங்கள் செயலுக்கு வருத்தம் தெரிவிப்பின் அதன் விவரம்'. செல்வராஜ் சார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அன்றைய வாக்கியத்தைச் சொன்னார்.

"அங்க மட்டும் தாராளமாப் போடலாம் டீச்சர்."

போட்டேன், கணினியில் இழுக்காமல் என் கையாலேயே நிறுத்தி நிதானமாக எழுதி முத்திரையும் குத்தினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அனுப்பிய இன்மைகளிலேயே உண்மையானது அந்த ஒன்றுதான்.